நாலு வருஷமா ஃபிரெஞ்சு படிக்கிறேன்

ஃபெயில் ஆன கதையை எழுதுவதில் யாருக்கும் ஆசை இருக்காது. எனக்கும் இல்லை. பி.காம். மூன்று வருடத்தில் அந்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு (காஸ்ட் அக்கவுண்டிங், அதைப் பற்றிப் பேச வேண்டாம்). ஆனால் இந்த ஃபெயில் கொஞ்சம் வேறு மாதிரி. 100க்கு 58.5 எடுத்தேன். பாஸ் மார்க் 50. அப்படியும் ஃபெயில்!

டெல்ஃப் என்று ஒரு பரீட்சை இருக்கிறது. பிரான்ஸ் நாட்டு அரசு கொடுக்கிற ஃபிரெஞ்சு மொழிச் சான்றிதழ். 1985ல் ஆரம்பித்தது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் போகும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். கூடவே ஒரு நிபந்தனை: எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. நான் பி1 எழுதினேன். கேட்டலில் 15, படித்தலில் 21, எழுதுவதில் 18.5. பேசுவதில் 4.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும், உள்ளே கணக்கு தப்பாக இருக்கும். என் ஃபிரெஞ்சு அந்த ஜாதி.

பேசும் பகுதியின் முதல் இரண்டு மூன்று நிமிடம் தயாரிப்பே கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்ததும் உங்களைப் பற்றிக் கேட்பார்கள். யார் நீங்கள், என்ன செய்தீர்கள், என்ன செய்கிறீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள். பரீட்சையிலேயே சுலபமான கட்டம் இதுதான் என்று சீனியர் சொல்லியிருந்தார். வணக்கம் சொன்னேன். பெயர், ஊர், படிப்பு எல்லாம் சொன்னேன். பிறகு மனப்பாடம் செய்து வைத்திருந்த வரியைக் கம்பீரமாக எடுத்துவிட்டேன்: "ஜாப்ரான் லு ஃப்ரான்ஸே தெபுயி காத்ரான்." நாலு வருஷமா ஃபிரெஞ்சு படிக்கிறேன்.

எதிரே இருந்த அம்மா சிரித்தபடி தலையாட்டினார். "நல்லது. சமீபத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்றார்.

கேள்வி எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. புரியாமல் இருந்தால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். சமீபத்தில் என்ன கற்றுக்கொண்டேன்? ஃபிரெஞ்சில் தேடினேன், இல்லை. ஆங்கிலத்தில் தேடினேன், இல்லை. கடைசியில் தமிழில் தேடினேன், அங்கும் இல்லை. அரை நிமிஷம் ஓடியிருக்கும். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பதினொன்றாம் வகுப்பில் உருப்போட்ட 'என் நண்பன்' கட்டுரையை ஒப்பித்தேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். :-(

சரி, இந்த நாலு வருஷக் கதை என்ன?

பத்தாம் வகுப்பு வரை நான் தமிழ்தான். 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்து வரைக்கும் எல்லோரும் தமிழ் படித்தாக வேண்டும். பிளஸ் ஒன்னில்தான் கதவு திறக்கும். எங்கள் பள்ளியில் கதவு திறந்த அன்றே பாதி வகுப்பு ஃபிரெஞ்சுக்கு ஓடியது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்க். தமிழில் என்ன எழுதினாலும் நாலு மார்க் குறைப்பார்கள், ஃபிரெஞ்சில் அப்படியே அள்ளலாம் என்பது செங்கல்பட்டு மாணவர்களின் பரம்பரை ஞானம். எனக்குத் தமிழ் எடுத்த ஐயா ஒன்றும் சொல்லவில்லை. "உனக்குத் தமிழ் நல்லா வருமேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

பிளஸ் டூவில் ஃபிரெஞ்சில் 98 வாங்கினேன். நான் எழுதிய அந்தத் தேர்வில் ஓர் இடத்தில்கூட வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வி எந்த வரிசையில் வரும், பத்திக்கு மொழிபெயர்ப்பு என்ன, கடிதத்தின் முதல் வரி என்ன, எல்லாம் கைடில் இருந்தது. இதில் இன்னொரு கூத்து உண்டு. அந்த 98 எனக்கு எதற்கும் உதவவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.காம். தரவரிசைக்கு மொழிப்பாட மார்க்கைச் சேர்ப்பதில்லை, மற்ற நாலு பாடத்தின் 400 மார்க்தான் கணக்கு. மாநில ரேங்க் முறையையும் 2017லேயே எடுத்துவிட்டார்கள். ஆக, அந்த 98 போய்ச் சேர்ந்த இடம் பள்ளி வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரின் கூட்டுத்தொகை. எங்கள் தெருவில் அம்மா அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு, அதை மறைக்கவில்லை.

கல்லூரியிலும் பார்ட் ஒன்னுக்கு ஃபிரெஞ்சையே எடுத்தேன். நாலு செமஸ்டர். அதே முறை, அதே வேகம். இரண்டாம் வருடக் கடைசியில் பார்ட் ஒன் முடிந்தது. புத்தகத்தை ஜூனியரிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு தொடவேயில்லை. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை பிரான்சுக்கு வரவழைக்கப் போகிறோம் என்று அந்த நாட்டு அதிபர் மக்ரோன் சொன்ன செய்தியை ஒரு நண்பன் அனுப்பியபோதுதான், "மச்சி, நமக்குத்தான் ஃபிரெஞ்சு தெரியுமே" என்று இருவருக்கும் ஞானோதயம் வந்தது. ஒரு மாதம் இலக்கணத்தை மட்டும் புரட்டிவிட்டு பி1க்குப் பணம் கட்டினோம். (நண்பன் பாஸ். அவனைப் பற்றி இங்கே பேசுவதாக இல்லை.)

மார்க் ஷீட்டில் ஃபிரெஞ்சு ஒரு நிலையான சொத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குத் தேய்மானம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். "நாலு வருஷமா ஃபிரெஞ்சு படிக்கிறேன்." எங்களுக்கு ஃபிரெஞ்சு இலக்கணம் முழுக்க ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்துக்கு ஒரு நீளமான வினை வேண்டும், 'ஹாவ் பீன் லேர்னிங்' என்று. அதை ஃபிரெஞ்சில் போட முயன்று வகுப்பில் பாதிப் பேர் தப்பு செய்வோம். மிஸ் சிவப்பு மையில் அடித்து, "தெபுயி வந்தால் நிகழ்காலம், இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்" என்பார். நாலு வருஷமாக நானும் விதிவிலக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஃபெயில் ஆன பிறகு, ரயிலில் வீடு திரும்பும்போது, கொளவாய் ஏரி ஜன்னலில் வந்த நேரத்தில் திடீரென்று உறைத்தது. தமிழில் என்ன சொல்கிறோம்? "நாலு வருஷமா படிக்கிறேன்." படிக்கிறேன்! நிகழ்காலம்! தமிழில் பிறந்தவனுக்கு அதில் விதிவிலக்கே கிடையாது. ஃபிரெஞ்சும் தமிழும் ஒரே மாதிரி யோசிக்கிற இடத்தில், நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அதை ஒரு கஷ்டமான விதியாக்கி, பிறகு அந்த விதியை உருப்போட்டிருக்கிறோம்.

இது ஒன்று மட்டுமில்லை. 'து', 'வூ' என்று ஃபிரெஞ்சில் நீ, நீங்கள் வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் அது கிடையாது. அதனால் எங்களுக்கு அதை ஒரு முழு வகுப்பு எடுத்து விளக்கினார்கள். பெரியவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தமிழ்ப் பையனுக்கு ஆங்கிலத்தில் பாடம்! "நீ, நீங்க மாதிரி" என்று மூன்று சொல்லில் முடிந்திருக்கும். எல்லாமே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. நமக்கு 'தெரியும்' என்று ஒரே சொல் (நீந்தத் தெரியும், அவரைத் தெரியும்), அவர்களுக்கு இரண்டு. மேசை பெண்பால், பேனா ஆண்பால் என்பதையெல்லாம் எந்த மொழி வழியாகச் சொல்லிக்கொடுத்தாலும் ஜீரணிக்க முடியாது. அஃறிணை என்று ஒன்றைக் கண்டுபிடித்த நம் முன்னோர்கள் வாழ்க.

ஆனால் பொருந்துகிற இடத்தில் அந்த வாக்கியம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. நிகழ்காலம் என்றால் இப்போதும் நடக்கிறது என்று அர்த்தம். நாலு வருஷத்துக்கு முன்னால் தொடங்கி இன்று காலை வரை தொடர்ந்தால்தான் அதைச் சொல்லலாம். நிறுத்திவிட்டவன் சொன்னால் இலக்கணம் சரி, விஷயம் பொய். அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி ஒரு தணிக்கையாளர் கேட்கிற கேள்வி. சரக்கு இருக்கிறது என்கிறாயே, கிடங்கைத் திற பார்க்கலாம்.

இவ்வளவும் புரிந்ததற்குக் காரணம் ரயில் மட்டும் இல்லை. அதற்கு அடுத்த மாதம் மாமல்லபுரம் போனேன்.

ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட். எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு மாமல்லபுரம் கற்சிற்பக் கடைகளின் விற்பனையும் கடனும். நல்ல தலைப்புதான். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2017ல் கிடைத்தது. 2021-22ல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் மாமல்லபுரம்தான், தாஜ்மகாலைக்கூட முந்திவிட்டது (கொரோனா காலக் கணக்கு, ரொம்பவும் மார்தட்ட முடியாது). செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம். கையில் இருபது கேள்விகள் கொண்ட படிவம். ஒத்தவாடைத் தெருவிலும் ஐந்து ரதம் போகிற சாலையிலும் கடை கடையாக ஏறினோம். "சீசன் நேரத்துல வந்து உசிர வாங்காதீங்கப்பா" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள்.

ஒரு கடையில் மட்டும் உட்காரச் சொன்னார். பெயர் வேண்டாம், கல்கடை அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் மாக்கல்லில் குட்டிக் குட்டிப் பிள்ளையார், பின்னால் ஒரு கொட்டகையில் கருங்கல் வேலை. என் மூன்றாவது கேள்வியில் (மாத விற்றுமுதல் எவ்வளவு) அவர் நெளிந்துகொண்டிருந்தபோது, வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே வந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசியது ஃபிரெஞ்சு. அண்ணன் என்னை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "போன்ஜூர் மதாம், போன்ஜூர் முசியே."

இதில் ஆச்சரியம் இல்லை. மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கிற குழந்தைகூட போன்ஜூர் சொல்லும். ஆனால் அண்ணன் நிறுத்தவில்லை. இந்தக் கல் எது, அந்தக் கல் எது, எது உளிக்கு வளையும், எது வளையாது, எத்தனை நாள் வேலை என்று போய்க்கொண்டே இருந்தார். வினைச்சொல் ஒன்றுகூட அதன் உருவத்தில் இல்லை. ஆண்பால் பெண்பால் எல்லாம் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி. எனக்குள் இருந்த 98 மார்க் மாணவன் ஒவ்வொரு தப்புக்கும் சிவப்பு மை போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அந்தத் தம்பதிக்கு எல்லாம் புரிந்தது. அவர்கள் சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள். ஊதுபத்தி வாசனை பற்றி ஏதோ பேச்சு வந்து 'வெத்திவேர்' என்று அந்த அம்மா சொல்ல, அண்ணன் உடனே "வெத்திவேர், ஸே தமூல்!" என்றார். உண்மைதான், ஃபிரெஞ்சில் அந்தச் சொல் நம் வெட்டிவேரிலிருந்து போனதுதான். எனக்கு அது அதுவரை தெரியாது.

பிறகு அந்தப் பெரியவர் கேட்டார், ஃபிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்று. அண்ணன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "ஆவான், முவா, கால்குலாத்ரீஸ். மாந்த்னான், முவா, பார்லே."

முன்னே, நான், கால்குலேட்டர். இப்போ, நான், பேச்சு.

வினைத்திரிபு இல்லை, காலம் இல்லை, ஒன்றும் இல்லை. பரீட்சையில் என்னிடம் கேட்டார்களே, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், எப்படி வளர்ந்தீர்கள், என்ன கற்றீர்கள் என்று, அதற்கான பதில் இதில் முழுக்க இருக்கிறது. முன்பெல்லாம் விலையை கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவாராம், வாயே திறக்க மாட்டாராம். "வாய் திறக்காதவன்கிட்ட வந்தவன் விலையை மட்டும்தான் பேசுவான் தம்பி. பேச ஆரம்பிச்சா கல்லைப் பத்திக் கேப்பான்" என்றார் என்னிடம். சுனாமிக்கு முந்தின வருஷம், அதாவது 2003ல், ஆரம்பித்திருக்கிறார். படிப்பு எட்டாவது. ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறார், அதில் ஃபிரெஞ்சுச் சொற்கள் தமிழ் எழுத்தில். முதல் பக்கம் முழுக்க எண்கள். அப்புறம் கல், நிறம், வலி (முதுகுவலி என்று எப்படிச் சொல்வது என்று ஒரு டாக்டர் வாடிக்கையாளர் சொல்லிக்கொடுத்தாராம்). 'ஸீஸோ – உளி' என்று ஒரு வரி. பக்கத்திலேயே 'கத்திரிக்கோலும் இதேதான்!' என்று ஆச்சரியக்குறியோடு. கொரோனாவில் இரண்டு சீசன் கடைக்கு ஆளே இல்லாதபோது, யாரோ சொல்லி, ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய ஃபிரெஞ்சுச் செய்தியை போனில் தினமும் கேட்டிருக்கிறார். பத்து நிமிஷச் செய்தி. "முதல் ஆறு மாசம் ஊர் பேரு மட்டும்தான் புரிஞ்சது" என்றார்.

நான் ஒரு இடத்தில் அவரைத் திருத்தவும் செய்தேன், அந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்கு அவர் 'அப்ராந்த்ர்' என்ற சொல்லைப் போட்டார். "அண்ணா, அது கத்துக்கிறது, சொல்லிக்கொடுக்கிறதுக்கு வேற சொல்" என்றேன். அப்படியா என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் இரண்டு பொருளுக்கும் அந்தச் சொல் வரும் என்று போட்டிருக்கிறது! நாம் கற்க, கற்பிக்க என்று பிரித்து வைத்ததை அவர்கள் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள். ஆங்கில வழிப் படிப்பில் அந்த இரண்டாவது பொருள் என் கண்ணில் படவேயில்லை. அடுத்த வாரம் போய் நோட்டில் அடித்து எழுதச் சொன்னேன்.

இந்த மாதிரி ஒரு பாடம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் வாத்தியாராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் பல்லவர் கோயில்களைத் தேடி அலைந்தார். தென்னிந்தியத் தொல்லியல் பற்றி அவர் ஃபிரெஞ்சில் எழுதிய இரண்டு தொகுதிகள் 1914ல் பாரிசில் வெளிவந்தன. கோயிலின் ஒவ்வொரு உறுப்புக்கும் என்ன பெயர் என்று அவர் கேட்டது அப்போது உளி பிடித்துக்கொண்டிருந்த சிற்பிகளிடம். வெறும் ஏட்டை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. இன்று அதே கடற்கரையில் உளி பிடித்தவர் ஒருவர் பிரெஞ்சுக்காரர்களிடம் உளிக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்போது சிலர் கேட்பீர்கள். என்னப்பா, எட்டாவது படித்த உழைப்பாளியைத் தூக்கி வைத்து, படித்தவனை மட்டம் தட்டுகிற வழக்கமான கதையா? இல்லை. அண்ணன் நாளைக்கே பி1 எழுதினால் அவரும் ஃபெயில்தான். ஒரு வரி ஃபிரெஞ்சு எழுத்தை அவரால் படிக்க முடியாது. படித்தலிலும் எழுதுவதிலும் 5க்குக் கீழே போய், என்னை மாதிரியே வெளியே வருவார், எதிர் வாசல் வழியாக. எழுத்துத் தெரியாததால் அவருக்கு நஷ்டமும் ஆகியிருக்கிறது. பெரிய சிலைக்கு ஆர்டர் கேட்டு வந்த மின்னஞ்சல்களுக்கு இன்னொரு கடைப் பையனைப் பதில் போடச் சொல்லிக் கமிஷன் கொடுத்திருக்கிறார். காதால் மட்டும் கற்றதற்கும் ஒரு விலை இருக்கிறது.

மார்க்குக்காக ஃபிரெஞ்சு எடுக்கிறவர்களையும் நான் திட்ட வரவில்லை. பதினாறு வயதில் யாரும் மொழியைப் பற்றி யோசித்து முடிவெடுப்பதில்லை. அந்த வயதில் நம் காதில் விழுவது கூட்டுத்தொகை மட்டும்தான். என் வருத்தம் வேறு. தமிழை விட்டு வந்தேன், ஃபிரெஞ்சுக்குப் போய்ச் சேரவும் இல்லை. நடுவில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நாலு வருஷம் நின்றிருக்கிறேன். அந்த நாலு வருஷத்தில் தமிழில் நான் படித்திருக்க வேண்டியதெல்லாம் படிக்காமல் போனது. அதற்குக் கணக்கு எந்த மார்க் ஷீட்டிலும் இல்லை. வெ. ஸ்ரீராம் ஃபிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த 'அந்நியன்' இருக்கிறது, அவரும் மதனகல்யாணியும் சேர்ந்து மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' இருக்கிறது. நாலு வருஷ ஃபிரெஞ்சு வகுப்பில் இந்தப் புத்தகங்களின் பெயர்கூட என் காதில் விழவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபிரெஞ்சைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுங்கள், குறைந்தபட்சம் இரண்டும் கைகுலுக்குகிற இடங்களிலாவது. பத்து மார்க்காவது வாய்க்கு வையுங்கள். 'என் நண்பன்', 'என் குடும்பம்' எல்லாம் போதும். இந்த வாரம் என்ன கற்றாய் என்று வாரம் ஒரு முறை ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேளுங்கள், தப்புத் தப்பாகப் பதில் சொன்னாலும் சரி. கேள்வி தெரிந்தே இருக்கட்டும். பதிலை உருப்போட முடியாது, ஏனென்றால் போன வாரப் பதில் இந்த வாரம் செல்லாது.

பாரிசில் லா ஷாப்பெல் பக்கம் கடை வைத்து வாழ்கிற ஈழத்தமிழர்களுக்கு இதெல்லாம் வெறும் கட்டுரை விஷயம் இல்லை. 2024ல் பிரான்ஸ் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, குடியுரிமைக்குக் கேட்கிற மொழித் தகுதியை 2026 ஜனவரி முதல் பி1லிருந்து பி2க்கு உயர்த்திவிட்டார்கள். பேச்சை வேலையிலேயே கற்றுக்கொண்டு, எழுத்தில் தடுமாறுகிற கல்கடை அண்ணன்கள் அங்கே எத்தனை பேரோ. எனக்கு நின்றுபோனது ஒரு சான்றிதழ். அவர்களுக்கு நிற்பது அதைவிடப் பெரிது.

புராஜெக்ட் போன மாதம் முடிந்துவிட்டது. (கடன் விவரத்தை அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை.) ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் இதுதான்: ஒரு மணி நேரம் நான் அவருக்கு எழுத்து சொல்லித் தருகிறேன், அடுத்த ஒரு மணி நேரம் கடைக்கு வருகிற பிரெஞ்சுக்காரர்களிடம் நான் பேச வேண்டும், அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். முதல் வாரம் ஒரு அம்மாவிடம் பிள்ளையாரின் தும்பிக்கையை மூக்கு என்று சொல்லிவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் தெபுயி காத்ரான் சொல்வதில்லை. மூன்று மாசமா படிக்கிறேன் என்கிறேன். உடனே வருகிற அடுத்த கேள்விக்கு ஏதோ ஒரு பதில் கையில் இருக்கிறது.

போன ஞாயிறு தண்ணீருக்கான சொல்லை எழுதிக் காட்டினேன். இ, ஏ, யூ, மூன்று எழுத்து. அதை 'ஓ' என்று படிக்க வேண்டும் என்றேன். அண்ணன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு எழுத்து இருக்கு, மூணும் தன் சத்தத்தைக் கொடுக்கல. சம்பந்தமே இல்லாத நாலாவது சத்தம் வருது. ஏன் தம்பி?" என்றார்.

நாலு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட அந்தக் கேள்வி தோன்றியதில்லை. பார்த்துச் சொல்கிறேன் அண்ணா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் இந்த ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.